சாம்பலுக்குக் கீழே ஒரு கோயிற்பற்று

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு நடுவில், லிஸ்பனில் இருந்து மேற்கே கிட்டத்தட்ட 1,500 கிலோமீற்றர் தள்ளி ஒன்பது தீவுகள் கிடக்கின்றன. பெயர் அசோர்ஸ். போர்த்துக்கல் நாட்டுக்குச் சொந்தமானவை. அதில் ஒன்று ஃபயால். 173 சதுர கிலோமீற்றர்தான், எங்கட நெடுந்தீவைப்போல மூன்றரை மடங்கு என்று வையுங்கோ. அந்தத் தீவின் மேற்கு அந்தலையில் கப்பேலு என்று ஒரு ஊர். இன்றைக்கு அங்கே ஒரு 500 சனம் மட்டில் இருக்கும்.

இந்த ஊரைப்பற்றி எழுத என்ன கிடக்கு என்று கேட்பீர்கள். கிடக்கு. முந்நூறு வருசத்துக்குள் இரண்டு தரம் எரிமலை வந்து மூடிய ஊர் இது. இரண்டாம் தரம் மூடியபோது அந்தத் தீவுச் சனத்துக்காகவே அமெரிக்கா ஒரு அகதிச் சட்டம் போட்டது. சனத்தில் கனபேர் போய்விட்டினம். ஆனால் அந்த ஊரின் சூப் மட்டும் இன்னும் இரண்டு கண்டத்தில் வேகுது. (சூப்பா என்று சிரிக்காதேங்கோ. கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ.)

நான் பல்கலைக்கழகத்தில் புவியியலை அரைவாசியில் விட்டிட்டு வந்தவன். எரிமலை பற்றிப் படித்ததெல்லாம் பரீட்சைக்கு எழுதாமலே போய்விட்டது. மிச்சத்தை ரொறன்ரோவில் ஒரு உணவகத்தின் குசினியில்தான் கேட்டு அறிந்தேன். என்னோடு கன வருசம் அடுப்படியில் நின்ற ஒருவர் ஃபயால்காரர். ஒருநாள் நான் ரெலிபோனில் வீட்டுக்கு "குசினியில நிக்கிறன்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "இப்ப என்ன சொன்னாய்?" என்று திரும்பிப் பார்த்தார். அவருடைய பாசையிலும் அது குசினியாதான்! அதுக்குப் பிறகு வேலை முடிய முடிய ஒரே சொல் விளையாட்டுத்தான். பாண், மேசை, கதிரை, சப்பாத்து, துவாய், அலுமாரி, சாவி, தவறணை... கறிக்கு வெட்டுகிற கோவாகூட அவர்களுடைய 'கோவ்'தான். 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658 வரைக்கும் இருந்துவிட்டுப் போனவர்கள் எங்கட வாயில் விட்டுவிட்டுப் போன சாமான்கள் இவை.

1621 இல் நல்லூர்க் கோயிலை இடித்தவர்களும் இதே போர்த்துக்கேயர்தான். அதை மறக்க வேண்டாம். ஆனால் ஒரு பேரரசின் தளபதியும், அதே அரசின் ஒரு மூலையில் கல்லுக்காட்டில் சோளம் விதைத்துச் சீவித்த கமக்காரனும் ஒரே ஆள் இல்லை. கப்பேலுக்காரர் இரண்டாவது வகை.

முதலில் 'ஊர்' என்று நான் சொல்வதை விளங்கப்படுத்த வேணும். போர்த்துக்கல்லில் ஆகச் சின்ன நிர்வாகப் பிரிவை 'ஃப்ரெகெசீயா' என்பார்கள். ஒரு தேவாலயமும் அதைச் சுற்றியிருக்கிற சனமும்தான் அதன் தொடக்கம். பிறகு அதுவே அரசாங்கக் கணக்கிலும் ஒரு அலகாகி, இன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் தெரிவு செய்யப்பட்ட ஒரு சபை இருக்கிறது. எங்களுக்கு இது புதுசில்லை. யாழ்ப்பாணத்தையும் அவர்கள் இப்படித்தான் தேவாலயத்தை நடுவில் வைத்துப் பிரித்தார்கள். அதைத்தான் எங்கட ஆட்கள் கோயிற்பற்று என்றார்கள். பிறகு வந்த ஒல்லாந்தரும் அதையே வைத்திருந்தார்கள். ஆகவே கப்பேலுவை ஒரு கோயிற்பற்று என்றே சொல்லலாம். ஃபயாலில் இப்படி 13 இருக்கின்றன. எல்லாம் ஓர்த்தா என்ற ஒரே நகரசபைக்குக் கீழே.

ஃபயாலில் சனம் குடியேறியது 1460களில். போர்த்துக்கேயரோடு, இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளெமிஷ் ஆட்களும் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவனாக வந்த ஊர்த்தர் என்பவருடைய பெயர்தான் ஓர்த்தா என்று மருவியதாகச் சொல்வார்கள். நல்ல துறைமுகம் கிழக்கே ஓர்த்தாவில். கப்பல், வியாபாரம், பெரிய வீடுகள் எல்லாம் அங்கே. கப்பேலு எதிர்ப்பக்கம். கறுத்த எரிமலைக்கல்லைப் பொறுக்கி மதில் கட்டி, அந்த மதிலுக்குள் காற்றுப்படாமல் முந்திரிகைக் கொடியும் அத்தியும் வளர்க்கிற ஊர். தோட்டத்தில் சேம்பங்கிழங்கும் போடுவார்கள். (ஓம், எங்கட சேம்புதான். அவர்கள் 'இஞாமே' என்று சொல்லி இறைச்சிச் சோசேஜ்சோடு அவித்துச் சாப்பிடுவார்கள். காரம்தான் காணாது.)

முதல் அழிவு 1672 இல் வந்தது. ஊருக்கு மேலே ஒரு மலை வெடித்து, 1673 வரைக்கும் எரிகுழம்பு ஓடியது. கப்பேலுவும் பக்கத்து ஊரான பிராயா டு நோர்த்தேயும் அடியோடு போயின. வெடித்த இடத்துக்கு இன்றைக்கும் 'நெருப்புக் குன்று' என்றுதான் பெயர். எரிகுழம்பு மூடிய காணியை அசோர்ஸ் முழுக்க ஒரு சொல்லால் குறிப்பார்கள்: 'மிஸ்த்தேரியு'. மர்மம் என்று அர்த்தம். நேற்று வரை தோட்டமாக இருந்தது, இன்றைக்குக் கல். ஏனென்று கேட்க ஆளில்லை, ஆகவே மர்மம். காணிக்குப் பெயர் வைக்கிறதிலேயே ஒரு சனத்தின் சரித்திரம் இருக்கிறது பாருங்கோ.

அப்போதும் குடும்பம் குடும்பமாகச் சனம் பிரேசிலுக்குக் கப்பலேறியது. மிஞ்சியவர்கள் திரும்பி வந்து, அந்தக் கல்லையே பொறுக்கி மறுபடி மதில் கட்டினார்கள். ஓர்த்தா நகரசபை ஒரு நேர்த்தி வைத்தது. ஒவ்வொரு வருசமும் பரிசுத்த ஆவிக்குத் திருவிழா எடுக்கிறோம் என்பதுதான் நேர்த்தி. அந்த நேர்த்தியின் ஞாபகமாக 18ஆம் நூற்றாண்டில் கட்டிய சின்னக் கோயில் இன்னும் ஓர்த்தாவில் நிற்கிறது.

இந்தத் திருவிழாவைப்பற்றித்தான் நான் உண்மையில் எழுத வந்தது.

14ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கல்லின் இசபெல் ராணி தொடக்கிவைத்தார் என்பது மரபு. ஏழை ஒருவனைக் கூப்பிட்டு, தன் கணவனான ராசாவின் முடியை அவன் தலையில் வைத்து, சாப்பாடும் கொடுத்தாராம். பெருநிலத்தில் இந்தப் பழக்கம் காலப்போக்கில் அனேகமாக மங்கிப்போனது. தீவுகளில் மட்டும் வேர் விட்டுவிட்டது. பூமி நடுங்குகிற, மலை வெடிக்கிற இடம் அல்லவா. நேர்த்திக்குக் குறைவில்லை.

நடக்கிற விதம் இதுதான். ஊருக்கு ஒரு வெள்ளி முடி இருக்கும். மேலே ஒரு புறா. கூடவே ஒரு செங்கோல், ஒரு தட்டு. இது சாமியாருடைய சொத்து இல்லை. ஊர்ச் சனம் சேர்ந்து வைத்திருக்கிற சகோதரத்துவச் சபையின் சொத்து. உயிர்த்த ஞாயிறுக்கும் பெந்தெகொஸ்துவுக்கும் இடையில் ஏழு கிழமை. அந்தக் கிழமைகளில் முடி வீடு வீடாகப் போகும். எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டில் பீடம் கட்டி, பூ வைத்து, விளக்கேற்றி, பின்னேரம் அயலட்டை எல்லாம் கூடிச் செபமாலை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை முடியை ஊர்வலமாகத் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். பூசை முடிய, சாமியார் அதை எடுத்து ஒருவருடைய தலையில் வைப்பார். ஒரு பால்காரன், ஒரு மீன்பிடிகாரன், பல தடவைகளில் ஒரு சின்னப்பிள்ளை. அன்றைக்கு அந்த ஆள்தான் 'சக்கரவர்த்தி'.

அடுத்த வருசம் முடி யாருக்கு? பல ஊர்களில் சீட்டுக் குலுக்கித்தான் தெரிவு. இல்லாவிட்டால் வருத்தம், ஆபத்து என்று நேர்த்தி வைத்த குடும்பம் முன்வந்து கேட்கும். பணமும் குலமும் பார்த்து ஆள் பிடிக்கிற வழக்கம் இதற்குள் இல்லை.

ஊர்வலம் முடிய சாப்பாடு. மாட்டிறைச்சியை எலும்போடு பெரிய கிடாரத்தில் விடிய விடிய அவிப்பார்கள். கோவா, உள்ளி, வெங்காயம், கறுவா, வைன் எல்லாம் அந்த ஊர்க் கைப்பக்குவப்படி சேரும். பிறகு ஆழமான கோப்பையில் பழைய பாணைத் துண்டுதுண்டாகப் போட்டு, மேலே புதினா இலை வைத்து, கொதிக்கக் கொதிக்க அந்தச் சாற்றை ஊற்றி மூடிவிடுவார்கள். பாண் ஊறும். புதினா மணம் எழும்பும். இதுதான் பரிசுத்த ஆவியின் சூப். பிறகு அவித்த இறைச்சி, இனிப்புப் பாண். வருகிற எல்லாருக்கும் கொடுக்க வேணும். காசு வாங்குவது கிடையாது. வர ஏலாத ஏழை, நோயாளி வீட்டுக்கு இறைச்சியும் பாணும் வைனும் அனுப்பி வைப்பார்கள்.

பெரிய தட்டுமுட்டு இல்லாத சமையல் இது. நான் ஒரு சமையல்காரனாகச் சொல்கிறேன், இதில் ஒரு புத்தி இருக்கிறது. காய்ந்த பாணும் மலிவான எலும்பும் கொஞ்ச இறைச்சியும் வைத்து 300 பேருக்குப் போட முடியும். ஆள் கூடினால் சாற்றைக் கூட்டலாம். வறிய ஊர் ஒன்று கண்டுபிடித்த சமையல், ஆளை எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத சமையல்.

இனி 1957 க்கு வருகிறேன்.

கப்பேலுக்காரருக்கு அப்போது கடலில் ஒரு பெரிய தொழில் இருந்தது: திமிங்கில வேட்டை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் அசோர்ஸில் தரித்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அப்படிப் போனவர்கள் மசாசூசெற்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்ட்டில் குடும்பமாகினார்கள். திரும்பி வந்தவர்கள் தொழிலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் உயரமான இடத்தில் ஒரு காவல்குடில். அதற்குள் ஒருவர் பைனாகுலரோடு விடியத் தொடங்கி இருப்பார். திமிங்கிலம் மூச்சு விடுவதைக் கண்டால் வாணம் விடுவார். கீழே சனம் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வள்ளம் தள்ளும். தண்டு வலித்துக் கிட்டப்போய், கையால் ஈட்டி எறிவார்கள். அசோர்ஸில் இந்தத் தொழில் 1980கள் வரைக்கும் கிடந்தது. கப்பேலுவின் கொம்ப்ரீடு துறை, கோடைகாலத்தில் ஃபயாலின் முக்கியமான வேட்டைத்துறை.

1957 செப்ரெம்பர் 16 இல் இருந்து நிலம் நடுங்கத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு நாளில் 200க்கு மேற்பட்ட நடுக்கங்கள். 27ஆம் திகதி காலமை, காவல்குடிலில் இருந்த வேட்டைக்காரர்கள் கடல் கொதிக்கிறதைக் கண்டார்கள். திமிங்கிலம் என்றுதான் முதலில் யாரும் நினைத்திருப்பார்கள். கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் மட்டில், கப்பெலின்யோஸ் முனைக்கு எதிரே, கடலுக்கு அடியில் மலை வெடித்திருந்தது.

அது 13 மாதம் வெடித்தது. ஒக்ரோபரில் ஒரு புதுத் தீவு எழும்பியது, அந்த மாதக் கடைசிக்குள்ளேயே மறைந்தது. நவம்பரில் மறுபடி எழும்பி ஃபயாலோடு ஒட்டிக்கொண்டது. சாம்பல் ஊர் மீது கொட்டிக்கொண்டே இருந்தது. தோட்டம் மூடுண்டது. ஓட்டுக் கூரைகள் பாரம் தாங்காமல் விழுந்தன. கொம்ப்ரீடு துறை வேலைக்குதவாமல் போனது. 1903 இல் ஏற்றிய வெளிச்சவீட்டின் கீழ்மாடி சாம்பலுக்குள் போனது. 1958 மே 12 இரவு ஒரே இரவில் நூற்றுக்கணக்கான நடுக்கங்கள். பிராயா டு நோர்த்தே பக்கம் வீடுகள் வரிசையாக விழுந்தன. ஓர்த்தாவில் பொதுவேலைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த எஞ்சினியர் ஃப்ரெதெரிக்கு மஷாடு இந்த வெடிப்பைத் தொடக்கத்தில் இருந்தே கவனித்துப் பதிவு செய்தார். 1958 ஒக்ரோபர் 24 இல் ஓய்ந்தது. எரிமலையால் நேரடியாக ஒருவரும் சாகவில்லை. ஆனால் கிட்டத்தட்ட 300 வீடுகள் அழிந்தன. 2,000 பேர் மட்டில் வீடுவாசல் விட்டு எழும்பினார்கள்.

எழும்பிப் போக எங்கே போவது? அப்போது போர்த்துக்கல்லில் சலசாரின் சர்வாதிகாரம். தூரத்துத் தீவில் கமக்காரனுக்கு என்ன நடந்தது என்று கேள்வி கேட்கப் பத்திரிகையும் இல்லை, வாக்கும் இல்லை. அமெரிக்காவில் சொந்தக்காரர் இருந்தார்கள். ஆனால் அங்கத்தைய குடிவரவுச் சட்டப்படி முழுப் போர்த்துக்கல்லுக்கும் வருசத்துக்கு 500 பேர்கூட இடமில்லை.

இந்த இடத்தில்தான் திமிங்கிலக் கப்பலில் போன பாட்டன்மார் உதவிக்கு வந்தார்கள். நியூ பெட்ஃபோர்ட், ஃபோல் றிவர், பக்கத்து றோட் ஐலண்ட் எல்லாம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும். அவர்கள் கடிதம் எழுதினார்கள், கூட்டம் வைத்தார்கள், செனற்றர்மாரைப் பிடித்தார்கள். றோட் ஐலண்ட் செனற்றர் ஜோன் பாஸ்ரோரும் மசாசூசெற்ஸ் செனற்றர் ஜோன் கெனடியும் சட்டமூலத்தை முன்னின்று கொண்டுபோனார்கள். 1958 செப்ரெம்பர் 2 இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்து வைத்தார். அசோர்ஸ் அகதிகள் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். குடும்பத் தலைவர்களுக்கு 1,500 விசா, மனைவி பிள்ளைகள் அதற்கு மேலதிகம். 1960 இல் இன்னும் 500 கூட்டினார்கள்.

கெனடி நல்ல மனிதர் என்று எங்கட சனம் உடனே சொல்லும். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு செனற்றர்மாருக்கும் 1958 நவம்பரில் தேர்தல் இருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேணும். அனுதாபம் ஒரு பக்கம், வாக்கு மறுபக்கம். எரிமலை அகதிக்குக் கதவு திறந்ததில், எரிமலைக்கு நூறு வருசத்துக்கு முந்திப் போய்க் குடியேறி, வாக்காளராகி, ஊரோடு தொடர்பை அறுக்காமல் இருந்தவனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இந்தக் கதையில் எங்களுக்கு இருக்கிற முதல் பாடம் இது.

இரண்டாம் பாடம் கொஞ்சம் கசப்பு.

அந்தச் சட்டம் சனத்தைக் காப்பாற்றியது. ஊரைக் காப்பாற்றவில்லை. சாம்பல் விழாத பக்கத்துச் சனமும் அந்தக் கதவால் போனது. போனவர்கள் தம்பியைக் கூப்பிட்டார்கள், தம்பி மச்சானைக் கூப்பிட்டான். 1965 இல் அமெரிக்கா பழைய நாட்டு ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டதோடு இன்னும் வேகம் பிடித்தது. இதே காலத்தில் கனடாவும் ஆள் எடுத்தது. போர்த்துக்கேயத் தொழிலாளரின் முதல் தொகுதி 1953 இல் கப்பலில் ஹலிஃபக்ஸ் வந்து இறங்கியது. இன்றைக்கு ரொறன்ரோவில் இருக்கிற போர்த்துக்கேயரில் பெரும்பங்கு அசோர்ஸ்காரர். 1950 இல் ஃபயாலில் கிட்டத்தட்ட 24,000 பேர். 2021 கணக்கெடுப்பில் 14,000 சொச்சம். எரிமலை ஒருவரையும் கொல்லவில்லை என்று மேலே எழுதினேன். ஆனால் தீவில் பத்தில் நாலு பேர் இல்லை. என்னோடு நின்ற அந்த ஃபயால்காரர் சொல்வார், "மலை பதின்மூன்று மாதத்தில் நின்றுவிட்டது, போகிறது மட்டும் நிற்கவில்லை" என்று.

சரி, போனவர்கள் எதைக் கொண்டுபோனார்கள்? முடியைக் கொண்டுபோனார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் அசோர்ஸ்காரர் எங்கே பத்துக் குடும்பம் சேர்ந்தாலும் முதலில் ஒரு பரிசுத்த ஆவிச் சபை தொடங்கும். வெள்ளி முடி ஒன்று செய்விப்பார்கள். உயிர்த்த ஞாயிறு முடிய அது மாடிக்குடியிருப்புகளுக்குள், நிலக்கீழ் வீடுகளுக்குள் எல்லாம் கிழமைக்கு ஒரு வீடாகப் போய்வரும். ஃபோல் றிவரில் கோடையில் நியூ இங்கிலாந்து முழுவதற்குமான பெரிய விழா எடுக்கிறார்கள், இடம் கெனடி பூங்கா. (ஓம், அதே கெனடி.) கலிஃபோர்னியாவின் பால்பண்ணை ஊர்களிலும் நடக்கிறது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பிரேசிலுக்குப் போனவர்களின் வழி அங்கேயும் நடக்கிறது.

ஒரு வருசம் ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்துக்கு நானும் போனேன். நீ யார், என்ன சமயம், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீட்டு மேசையில் இருத்தி, புதினா போட்ட பாணுக்கு மேல் சாற்றை ஊற்றினார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுகிறனான் இல்லை. பக்கத்தில் இருந்த கிழவி அதைக் கண்டுவிட்டு இனிப்புப் பாண் முழுசாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்ற பெடியனுக்கு இருபது வயது இருக்கும். ஃபயாலை ஒரு தரம்தான் போய்ப் பார்த்தவனாம். போர்த்துக்கேயம் தடக்கித் தடக்கித்தான் வந்தது. ஆனால் எந்த நேரத்தில் கோவாவைப் போட வேணும் என்று அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

ஊரில் மிஞ்சியவர்களும் சும்மா இருக்கவில்லை. கப்பேலுவில் பரிசுத்த திரித்துவத்தின் தேவாலயம் இன்னும் நடக்கிறது. அத்திமரத்தின் நெட்டியை மெல்லிசாகச் சீவிக் கப்பலும் பூவும் செய்கிற கைப்பணியும், வலைத்துணியில் கோதுமை வைக்கோலால் போடுகிற தையலும் ஃபயாலின் பழைய வேலைகள். இவற்றைப் பழக்குகிற ஒரு கைப்பணிப் பாடசாலை கப்பேலுவில் இருக்கிறது. திமிங்கிலக் காவல்குடில்களில் இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள், உல்லாசப் பயணிகளுக்குத் திமிங்கிலம் காட்ட. வேட்டை வள்ளங்கள் கோடையில் பந்தயம் ஓடுகின்றன. கொண்டாட்டம் என்றால் 'ஷமரீத்தா' ஆடுவார்கள், ஒருவர் அடியைச் சொல்லிக் கூப்பிட மற்றவர்கள் சோடி மாறி ஆடுகிற ஆட்டம். வேலை செய்ய மாட்டும் ஓவரோல்ஸுக்கு 'அல்வரோசஸ்' என்றும் ஸ்வெற்றருக்கு 'சுவேரா' என்றும் தீவில் சொல்வார்கள். எங்கட வாயில் அவர்களுடைய குசினி ஏறினமாதிரி, அவர்களுடைய வாயில் அமெரிக்காவில் இருந்து திரும்பி வந்த சொற்கள்.

வெளிச்சவீடு அப்படியே நிற்கிறது. அது இப்போது வெளிச்சம் போடுவதில்லை. அன்றைக்குக் கடலோரத்தில் நின்றது, எரிமலை புதுநிலத்தைக் கொண்டுவந்து முன்னால் போட்டதால் உள்ளுக்குள் தள்ளி நிற்கிறது. அந்தப் புதுநிலம் முதலில் 2.4 சதுர கிலோமீற்றர் இருந்தது. கடல் அரித்து அரித்து இப்போது நாலில் ஒரு பங்குகூட இல்லை. 2008 இல் வெளிச்சவீட்டின் அடியில், சாம்பலுக்குக் கீழேயே ஒரு விளக்க நிலையம் கட்டித் திறந்தார்கள். நிலத்துக்கு மேலே புதிதாக ஒன்றும் தெரியக்கூடாது என்று கவனமாகக் கட்டியிருக்கிறார்கள். வெளியே சில வீடுகளின் சுவர்கள் சாம்பலுக்குள் இருந்து எட்டிப் பார்க்கின்றன. அதை ஒருவரும் துப்புரவாக்கி மறைக்கவில்லை.

அசோர்ஸ் 1976 இல் தன்னாட்சி பெற்ற பிறகு தன் பிரதேச நாளாக எந்த நாளை எடுத்தது தெரியுமா? ஒரு போர் வென்ற நாளையும் இல்லை, ஒரு தலைவர் பிறந்த நாளையும் இல்லை. பெந்தெகொஸ்து முடிந்த திங்கட்கிழமை. சூப் ஊற்றுகிற நாள். 1980 இல் இருந்து அதுதான் அரசாங்க விடுமுறை.

இனி எங்கட விசயம் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

எங்கட கோயில்களில் இதற்குக் கிட்டின ஒன்று இருக்கிறது. திருவிழா உபயம். ஒரு நாள் ஒரு குடும்பம் செலவேற்று அன்னதானமும் செய்யும். நல்ல வழக்கம். ஆனால் எந்தத் திருவிழா எந்தப் பகுதிக்கு என்பது பரம்பரை உரிமையாகி, சாதி பார்த்து, வழக்குப் போட்டு நீதிமன்றம் வரை போன கதை எத்தனை ஊரில் கேட்டிருக்கிறோம். இங்கே வந்தும் அதே நிர்வாகசபைச் சண்டை. ஒரு கோயில் இரண்டாகி, இரண்டு நாலாகிறது. சீட்டில் யாருடைய பெயரும் விழலாம் என்ற ஒரு சின்ன விதி கப்பேலுக்காரரிடம் இருந்தது. அதனால் அந்த வழக்கத்தை எந்த ஒரு குடும்பமும் பூட்டிவைக்க ஏலாமல் போனது. பூட்டிவைக்க ஏலாத ஒன்றைத்தான் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகவும் முடிந்தது என்று நான் நினைக்கிறேன். காணியும் தேரும் கோபுரமும் சாம்பலுக்குள் போகும், கம்பிவேலிக்குள் போகும். முறை வைத்து மாறுகிற ஒரு கடமை போகாது.

நாங்கள் ஊர்ச்சங்கம் வைத்திருக்கிறோம். வருசத்துக்கு ஒரு இரவு விருந்து, மேடை, பொன்னாடை, ஒரு மலர். ரிக்கெற் நூறு டொலர். அன்றைக்கு ரிக்கெற் வாங்கக் காசில்லாத, போன மாதம்தான் வந்திறங்கின ஊர்ப் பெடியன் எங்கே சாப்பிட்டான் என்று யாருக்கும் தெரியாது. என்னைப் போல உணவகக் குசினிகளில் நிற்கிற நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெடியள் இந்த நகரத்தில் மற்றவனுக்குச் சமைத்துப் போடுகிறோம். எங்கட ஊரின் பெயரில் ஒரு கிடாரம் கஞ்சி வைக்க எங்களுக்கு ஏலாதா? ஒரு கிழமை இந்த வீடு, மற்றக் கிழமை அந்த வீடு, ஆரென்று கேளாமல் வருகிற எல்லாருக்கும். தலைவர், செயலாளர், போசகர் ஒருவரும் வேண்டாம். சீட்டுக் குலுக்க ஒரு பேணி போதும்.

உங்கட ஊரின் கிடாரம் இப்ப யாருடைய வீட்டில் இருக்கு? அடுத்த வருசம் அது யாருடைய வீட்டுக்குப் போகும்?